இரண்டாவது சனிக்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள்

மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம். மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பவர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்த மாணவர்களை அழைத்து வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் மேடை போட்டு, மைக் பிடித்து, பொன்னாடை போர்த்தி, குழுப்படம் எடுத்து முடிப்பதற்குள் நோயாளிக்கு மாத்திரை நேரம் வந்துவிடுகிறது. இந்த வேலைக்கென்று ஒரு பழைய கைப்பக்குவம் உண்டு. அது தெரிந்தவர்கள் குறைந்து வருவதால் எழுதுகிறோம்.

1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கி, 1937இல் அரசு ஏற்றுக்கொண்ட சானடோரியத்தைப் போன்ற இடங்களில் காசநோயாளிகள் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் தங்கினார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் அதே அளவு குணமாகும் என்று சென்னையில் நடந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளியானது. அதன்பின் சானடோரியத் தங்கல் மெல்லக் குறைந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. நீண்டநாள் வார்டில் ஒரு மாலைப்பொழுதை நடத்தும் பழக்கமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. மனநல வார்டிலும் முதுகுத்தண்டு வார்டிலும் அது இன்றும் தேவைப்படுகிறது.

அந்தக் காலத்தில் பெரிய நிகழ்ச்சி என்றால் 16 எம்எம் சினிமாதான். 160 நிமிடப் படம் ஏறக்குறைய 5,760 அடி வரும். 1,600 அடி ரீல் ஒன்று 44 நிமிடம் ஓடும். ஆக நான்கு ரீல். கோடையில் 7 மணிக்கு முன் திரையில் படம் தெரியாது, 9 மணிக்கு விளக்கணைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நான்கு ரீல் எப்படி அடங்கும்? பாட்டை வெட்டினால் வார்டே சண்டைக்கு வரும். அதற்கு வழி, சனிக்கிழமை இரண்டு ரீல், ஞாயிற்றுக்கிழமை இரண்டு ரீல். நடுவில் வரும் பகல் முழுக்க, அடுத்து என்ன ஆகும் என்று கட்டிலுக்குக் கட்டில் வாக்குவாதம் ஓடும். எங்களைக் கேட்டால் நிகழ்ச்சியின் பாதிப் பயன் அந்தப் பகல்தான். இன்று படம் பென் டிரைவில் வந்தாலும் இரண்டாகப் பிரித்தே போடுங்கள்.

புரொஜக்டரில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒன்றே. ஃபிலிம் ஒளிக்கு முன்னால் நின்று நகரும் சட்டத்துக்கு (கேட்) கீழே தளர்வாக விடும் ஃபிலிம் வளையம் (லூப்) சுருங்கிவிடும். படம் குதிக்கும், வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். காரணம், 16 எம்எம்மில் ஒலி படத்துக்கு 26 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும். லூப் அளவு மாறினால் அந்தக் கணக்கு பிசகிவிடும். படம் முடிந்ததும் அவசரமாக மெஷினைத் தூக்கினால் சூடான பல்பின் இழை அறுந்துவிடும். விசிறியை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

திரை விஷயத்தில்தான் இன்றும் எல்லோரும் தவறு செய்கிறார்கள். 2 அங்குல லென்ஸை 30 அடி தள்ளி வைத்தால் படத்தின் அகலம் 6 அடிக்குச் சற்றுக் குறைவாகவே வரும். திரையைத் தரையில் உட்காருபவர் கண்மட்டத்துக்குக் கட்டினால், படுத்திருப்பவருக்குத் தெரிவது முன்னால் நிற்கும் உறவினரின் முதுகு மட்டுமே. திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 5 அடி உயரத்திலாவது இருக்கட்டும். கட்டுவதற்கு முன் உங்களில் ஒருவர் கடைசிக் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். மெல்லிய வேட்டியை நனைத்துக் கட்டினால் பின்பக்கமும் படம் தெரியும், எழுத்து மட்டும் இடவலம் மாறும். தலையை உயர்த்தவே கூடாதவர்களுக்குக் கூரைதான் திரை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மருத்துவமனைகளில் புத்தகப் பக்கங்களையே அப்படிக் கூரையில் காட்டினார்கள்.

காசநோய் வார்டில் மாலையில் காய்ச்சல் ஏறும். மாலை வெப்பநிலை பார்த்த பிறகு, யார் வெளியே வரலாம் என்று வார்டு சிஸ்டர் சொல்லட்டும். அங்கே உங்கள் பட்டியல் செல்லாது. நோயாளிகள் பாடும் நிகழ்ச்சி என்றால் திறந்தவெளியிலேயே வையுங்கள். பாடும்போது வெளிவரும் நுண்துளிகளும் இருமலில் வருவதைப் போலவே நெடுநேரம் மிதக்கும் என்று 1968லேயே ஓர் ஆய்வு காட்டியது. காற்று உங்கள் பக்கத்திலிருந்து நோயாளிகளை நோக்கிப் போகும்படி உட்காருங்கள். பஜனைக் குழுக்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லுங்கள்.

தொழுநோய் இல்லத்தில் ஆபத்து டீயில் இருக்கிறது. உணர்ச்சி போன விரலுக்குக் கொதிக்கும் எவர்சில்வர் டம்ளரின் சூடு தெரியாது. கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். கைப்பிடி உள்ள கோப்பையில், ஆற்றிக் கொடுங்கள். ஒரே இடத்தில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் மரத்துப்போன கணுக்காலில் புண் வரும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க ஒரு சாக்கு உண்டாக்குங்கள்.

தாம்போலா, அதாவது கூப்பிடும் எண்களைத் தன் டிக்கெட்டில் மூடிக்கொண்டு வரும் விளையாட்டு, எந்த வார்டுக்கும் பொருந்தும். டிக்கெட்டில் 27 கட்டம், 15 எண். அதை அட்டையில் பெரிதாக எழுதி, எண்களை மூட கேரம் காய் அளவில் மரவட்டுகளை ஆளுக்கு 15 கொடுங்கள். மடங்கிய விரலுக்குப் புளியங்கொட்டை நழுவும், சோடா மூடியின் பல் கிழித்துவிடும். பரிசுக்கு லட்டு வேண்டாம், சோப்பு போதும்.

தொடங்குவதற்குக் கால்மணி முன்பே பெட்பேன் சுற்று முடிந்திருக்க வேண்டும். மறந்தால், கதாநாயகி அழும் நேரத்தில் வார்டு பாய் ஓடிக்கொண்டிருப்பார். கேட்கக் கூச்சப்படுபவர் அடக்கிக்கொண்டு கிடப்பார்.

கண்காணிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது, மாதத்தில் ஒரு நாளை எழுத்தில் ஒதுக்குங்கள். இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு சிஸ்டரைப் பொறுப்பாக்குங்கள், சிறப்பு விருந்தினரின் தேதிக்காக அதை நகர்த்தாதீர்கள். திட்ட அலுவலர்களே, மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு வேண்டும். அதை ஒரே விழாவில் கரைக்காமல் பன்னிரண்டு சனிக்கிழமைகளுக்கும் பிரித்துக் கொடுங்கள். தேர்வு மாதத்தில் நாற்பது பேர் வர முடியாது, இரண்டு பேர் வரலாம். தாம்போலா நடத்த இரண்டு பேர் போதும். நிகழ்ச்சி நாளன்று காலையிலேயே சவரம் செய்து, தலைவாரி, மாற்றுச்சட்டை கேட்டு வாங்கிக் காத்திருப்பவர்கள் எல்லா வார்டிலும் உண்டு.

தேதியை வார்டுச் சுவரில் பெயின்ட்டில் எழுதுங்கள். சாக்பீஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய நிகழ்ச்சிக் குழுக்காரர்கள் சிலர்