உலகச் சாம்பியனுக்கு அமெரிக்கச் சான்று எதற்கு?

அமெரிக்க பில்லியர்ட்ஸ் காங்கிரஸின் நிர்வாகிகளுக்கும், அதன் புகழரங்கத்துக்கு வாக்களிக்கும் பில்லியர்ட்ஸ் ஊடகச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிறந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் உங்கள் புகழரங்கத்தின் தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் வரும்போது, அந்த ஒரு வரி இம்முறையாவது நீக்கப்பட்டிருக்குமா என்று தேடிப் பார்த்து ஏமாந்து போகும் ரசிகர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். நாற்பது வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாண்டுகளாவது தொழில்முறை ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற விதிகள் நியாயமானவை. ஆனால், அமெரிக்காவில் நடைபெறும் போட்டிகளில் குறிப்பிடத்தக்க சாதனை படைத்திருக்க வேண்டும் என்கிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை. அந்த விதியை நீக்குங்கள்.

தைவானின் சாவோ ஃபோங்-பாங்கை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1993இல் ஜெர்மனியிலும் 2000இல் வேல்ஸின் கார்டிஃபிலும், கோலால் பந்துகளை மேசைக் குழிகளில் தள்ளும் பாக்கெட் பில்லியர்ட்ஸின் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றவர் அவர். பிலிப்பைன்ஸின் ரொனாட்டோ அல்கானோ 2006இல் மணிலாவில் ஒன்பது பந்து ஆட்டத்திலும், 2007இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் அதன் இன்னொரு வகையான எட்டுப் பந்து ஆட்டத்திலும் உலகச் சாம்பியன் ஆனார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, எங்கள் ஊரில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்பது எந்த வகையில் முறையாகும்? 1999 முதல் 2019 வரை ஆடவர் ஒன்பது பந்து உலகப் போட்டி கார்டிஃப், தைபே, காவோசியுங், மணிலா, தோஹா என்று ஊர் ஊராக நடந்ததே தவிர, ஒருமுறைகூட அமெரிக்காவில் நடக்கவில்லை. உலகமே திரண்டு ஆடிய மேசை எங்கே போடப்பட்டிருந்ததோ அங்கே போய் வென்றவர்களைத்தான் உங்கள் விதி குறை சொல்கிறது.

அமெரிக்காவுக்கு வந்து ஆடுவது எவ்வளவு சிரமம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் முதலில் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு நிற்க வேண்டும். பரிசுப் பணத்தை நம்பிப் பிழைப்பவரிடம் மாதச் சம்பளச் சீட்டு இருக்காது. நிரந்தர வேலை இருப்பதாகக் கடிதம் கொடுக்க முதலாளியும் இருக்கமாட்டார். ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்பதற்கு அவர் எதைக் காட்டுவார், தன் ஆட்டக்கோலான கியூவையா? விசா கிடைத்தாலும் விமானச் செலவு, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் யாரிடமாவது கடன் வாங்கவோ, ஆதரவாளர் ஒருவரிடம் வருமானத்தில் பங்கு தருவதாக ஒப்புக்கொள்ளவோ வேண்டும். அத்தனைக்கும் பிறகு, ஒரு பந்து குழியின் விளிம்பில் தட்டி வெளியே நின்றுவிட்டால் நாற்காலியில் அமர்ந்து எதிராளி ஆடி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உள்ளூர் ஆட்டக்காரர் தோற்றால் அடுத்த வாரமே இன்னொரு ஊருக்குக் காரில் போய் ஆடலாம். இவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸை 2003இல் புகழரங்கத்தில் ஏற்றுக்கொண்டோமே என்று நீங்கள் சொல்லலாம். ஆசியாவிலிருந்து முதலில் நுழைந்தவர் அவர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அவர் 1985இலேயே ஹூஸ்டனுக்கு வந்து, செசார் மொராலெஸ் என்ற புனைபெயரில் ஆடி, 1994இல் ஒன்பது பந்து ஆட்டத்தின் அமெரிக்க ஓப்பன் போட்டியையும் வென்றிருந்தார். அப்படி வர இயன்றவருக்கு ஒரு நீதி, இயலாதவருக்கு ஒரு நீதியா? இது அமெரிக்க அமைப்பின் அரங்கம் என்ற பதிலும் பொருந்தாது; ஜெர்மனியின் ரால்ஃப் சூக்கேயை வரவேற்றபோதே அதை உலகத்தின் அரங்கமாக நீங்கள் ஆக்கிவிட்டீர்கள்.

தகுதியானவரை வாசலில் நிறுத்திவைத்த வரலாறு இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. பதினாறு வயதில் நியூயார்க் நகரப் பட்டத்தை வென்ற சிசரோ மர்ஃபியை, கறுப்பினத்தவர் என்பதால் பெரிய போட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஆடவிடவில்லை. 1965இல் கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் நடந்த போட்டியில் அனுமதி கிடைத்ததும் முதல் முயற்சியிலேயே உலகப் பட்டத்தை வென்றார். உங்கள் அரங்கம் அவரை 1995இல்தான் ஏற்றது; மறு ஆண்டே அவர் காலமானார். நிறவெறியும் விசா நெருக்கடியும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும், ஆடும் வாய்ப்பே கிடைக்காதவரிடம் ஆடிய கணக்கைக் கேட்கும் அநீதி இரண்டிலும் உண்டு. பதினாறு வயதில் உலகச் சாம்பியனாகி உலகை வியக்கவைத்த, தைவானில் பிறந்த வூ சியா-சிங்கும் 2029இல் நாற்பதைத் தொடுவார். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்கப் போகிறீர்களா?

ஆகவே, அமெரிக்கப் போட்டிகளைக் கட்டாயமாக்கும் விதியை நீக்கி, உலகப் பட்டம் எந்த நாட்டில் வெல்லப்பட்டாலும் அதற்குச் சம மதிப்பு அளிக்குமாறும், அடுத்த வாக்கெடுப்பிலேயே சாவோ ஃபோங்-பாங், ரொனாட்டோ அல்கானோ ஆகிய இருவரின் பெயர்களையும் வாக்குச்சீட்டில் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாக்கெட் பில்லியர்ட்ஸ் ரசிகன்