எத்தனை மாதத்துக்கு வந்திருக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டு நிறுவனப் பணியை வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்கும் இளைஞர்களுக்கு அறிக்கை எழுதவும் நிதி கேட்கவும் கற்றுக்கொடுக்கும் நாம், மனிதர்களோடு உண்மையாகப் பழகக் கற்றுக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, படகுகளும் வலைகளும் பாழானபோது, உதவ வந்த பலருக்கு எந்தக் குப்பத்தில் யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை. படகில்லாமல் கையால் இறால் பிடிப்போரையும், கூடையில் மீன் விற்கும் பெண்களையும் மறவாமல் கணக்கில் சேர்த்தவர்கள், அதற்கு முன்பே அந்த வீடுகளில் அமர்ந்து தேநீர் குடித்தவர்கள்தான்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனம், தண்டையார்பேட்டையில் நடத்திய மாலை வகுப்பை, நிதி நின்ற மாதமே பெற்றோரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தின் சார்பில் அதே தெருவுக்குப் போனபோது, ஒரு தாய் என்னை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க எத்தனை மாசத்துக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வணிக நிறுவனங்கள் தரும் சமூகப் பொறுப்பு நிதி திட்டக் காலத்தோடு முடியலாம். உறவு அப்படி முடியக் கூடாது. ஆகவே, புதிதாகச் சேர்வோரை முதல் சில வாரங்களுக்குப் படிவம் ஏதுமின்றி மக்களிடம் அனுப்பவும், பணி மாறிச் செல்வோர் தமக்குப் பின் வருபவரை வீடு வீடாக அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தவும் தொண்டு நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
களப்பணியாளர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13.