பொதுச் சமையல் கொட்டகைக்குக் கூரை வேண்டும்: ஊராருக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், திருப்பூர், கோவை, பெங்களூரு, வெளிநாடு என்று பிழைப்புக்காகப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஐப்பசி மழையில் நம் பொதுச் சமையல் கொட்டகையின் பின்சுவர் சரிந்து, ஓட்டுக் கூரையும் கூடவே இறங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். ராத்திரி நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. கடவுள் காப்பாற்றினார். இன்றைக்கு அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, இரும்புத் தூணும் நிறுத்தியாகிவிட்டது. கூரைதான் இல்லை. டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நம் பந்திக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அஸ்திவாரமும் சுவரும் 2,60,000 ரூபாய். தூணும் கூரைத் தகடும் 2,95,000. தரை, கோட்டை அடுப்பு, புகைபோக்கி 1,20,000. குழாய், மோட்டார், மின் இணைப்பு 75,000. எதிர்பாராத செலவுக்கு 35,000. ஆக மொத்தம் 7,85,000 ரூபாய். இதுவரை கைக்கு வந்தது 4,62,500. குறைவது 3,22,500. இதில் கூரைத் தகட்டுக்கு மட்டும் 1,60,000 ரூபாயை வருகிற 14-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டினால்தான் தகடு வரும், வந்து ஏற்ற ஐந்து நாள் ஆகும். தரையும் குழாயும் பொங்கலுக்குள் முடித்தால் போதும், அதற்காக இப்போது யாரையும் நெருக்கவில்லை.

இந்தப் பந்தி எப்படி ஆரம்பித்தது என்பதை இளைய பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். பெரியவர்கள் இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஏறும், அப்புறம் ஓர் இடத்தில் இறங்கும். இரண்டையும் எழுதிவிடுகிறோம்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போதெல்லாம் நம் ஊரில் கிறிஸ்துமசுக்குப் பலகாரம் பரிமாறிக்கொள்வது கிடையாது. கிறிஸ்தவர் வீட்டிலிருந்து பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். சமைத்ததை மேலத்தெருவில் யாரும் கைநீட்டி வாங்க மாட்டார்கள். காலனி ஆட்களுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது. அதனால் அவர்களே பாறையை உடைத்து, கிறிஸ்தவ சபைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு தோண்டிக்கொண்டார்கள். பிறகு ஒரு பஞ்சம் வந்தது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறெல்லாம் தரை தெரிந்துவிட்டது. அந்த ஒரு கிணறு மட்டும் வற்றவில்லை. யாருக்குத் தண்ணீர் இல்லை என்றார்களோ, அவர்களுடைய கிணற்றடியில் போய் ஊரே குடத்தோடு நின்றது. ஒருவரையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அந்த வருஷம் மார்கழியில், வெட்கப்பட்டோ நன்றியிலோ, மேலத்தெருவிலிருந்து ஒரு வண்டி அரிசியும் பருப்பும் சபை வாசலில் வந்து இறங்கியது. "கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று ஒரு பாட்டி சொன்னாராம். அதுதான் முதல் பந்தி. அன்றைக்கு உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுகிறார்கள்.

மதம் தாண்டிக் கூடி வாழ்வது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. விஜயமங்கலத்து நெட்டைக் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சமணர்கள் இங்கே எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று. பவானி சங்கமேஸ்வரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804-இல் கொடுத்தது. ஒரு சிறுமி வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள், அடுத்த நிமிஷம் அவர் படுத்திருந்த அறை இடிந்து விழுந்தது என்று பவானிக்காரர்கள் சொல்வார்கள். அவர் கிறிஸ்தவராகவே இருந்தார், அம்மனுக்குக் காணிக்கையும் கொடுத்தார். ஈரோட்டு எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மிஷனைச் சேர்ந்த பாப்லி பாதிரியார் நம் ராகங்களைக் கற்று, காலட்சேபம் செய்தே சுவிசேஷத்தைப் பாடினார். திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்த குறள்களை 1931-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் அவர்தான். கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்கு யார் யார் போகிறார்கள் என்று சோமனூர்ப் பக்கம் பெண் கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் பந்தியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாக வரும் மருமக்களும் வாடகைக்கு வந்திருப்பவர்களும் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறோம். கொட்டகைக்குள் பிரசங்கம் கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது, கட்சிக்கொடி கிடையாது. யாரும் யாருடைய சாமியையும் கும்பிட வேண்டியதில்லை. இலை போட்டு, சாதம் வைத்த பிறகு ஒரு நிமிஷம் மணி அடிக்காமல், மைக் போடாமல் அமைதியாக இருப்போம். ஒருவர் சிலுவை வரைந்துகொள்வார். பக்கத்தில் இருப்பவர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொள்வார். ஒருவர் உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்வார். சாமி இல்லை என்கிற கருப்புச் சட்டைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் அவரவர் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. பக்தி அவரவருடையது, பந்தி எல்லாருடையது.

கறி போடக் கூடாதா, பிரியாணி போட்டால் என்ன என்று பையன்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள். டிசம்பர் 25 மார்கழி 10. பாதி ஊர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும், சில வீடுகளில் மார்கழி நோன்பு இருப்பார்கள், பள்ளிவாசல் தெருக்காரர்களுக்குக் கறி என்றால் ஹலால் பார்க்க வேண்டும். அரிசிம்பருப்புச் சாதத்தில் இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. கூடத் தயிர், அப்பளம், ஊறுகாய். சபையிலிருந்து கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரம் வரும்.

24-ஆம் தேதி ராத்திரி கொட்டகைக்கு வந்து பாருங்கள். ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு மேல் சபைக்காரர்கள் வந்து அடுப்பைத் துடைத்து விறகு அடுக்குவார்கள். பவானி ஜமுக்காளத்தை விரித்து, நடுவில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, சுற்றி இருபது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர், எல்லார் வாயிலும் பேச்சு. மேலே உத்திரத்தில் காகித நட்சத்திரம், அதே ஆணியில் மாவிலைத் தோரணம். நாலரை மணிக்குப் பஜனை கோஷ்டி தெருவைச் சுற்றிவிட்டு ஜால்ராவை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டுத் தேங்காய் உடைக்க உட்காரும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் அண்டாவைத் தூக்கி ஏற்றுவார்கள், அது எப்போதும் அவர்கள் வேலை. கடலை எண்ணெயில் சீரகமும் பூண்டும் வரமிளகாயும் விழுந்தவுடன் ஒரு வாசம் வரும் பாருங்கள், மேலத்தெரு முக்கு வரைக்கும் போகும்.

1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்து, இந்தப் பக்கமெல்லாம் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்ட அந்த வருஷமும் பந்தி நிற்கவில்லை. வெங்காயம் உரிக்க முதலில் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்கள் பள்ளிவாசல் தெருப் பெண்கள். அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் பூசாரி வீட்டு ஆத்தா. அப்படிப்பட்ட பந்தி கூரை இல்லாமல் நிற்கலாமா?

கல்யாண மண்டபத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். மண்டபம் ஒரு சமூகத்துடையது. சபைக் கூடம் சபையுடையது. கோயில் அன்னதானக் கூடத்துக்கு ஒரு நியமம் உண்டு. எங்கே போனாலும் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. கொட்டகை இருப்பது ஊர்ப் பொது நிலத்தில், அங்கே விருந்தாளி என்று யாரும் இல்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. மாரியம்மன் கோயில் கட்டளைக்காரர்கள் முதல் ஆளாக 1,00,000 ரூபாய் தந்தார்கள். சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் கச்சாயமும் முறுக்கும் சுட்டு விற்று 61,500 ரூபாயை ஒரே நாளில் கொண்டுவந்தார்கள், அதில் பாதி பத்து ரூபாய் நோட்டு. பள்ளிவாசல் ஜமாத் 75,000 கொடுத்துவிட்டு, மோட்டார் நாங்களே இறக்கித் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்கள் தீபாவளி போனசில் ஆளுக்கு ஆயிரம் போட்டு அனுப்பினார்கள். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிற ஒரு நெசவாளர் மூன்று வாரமாக வாரம் 200 ரூபாய் தருகிறார். "எனக்குச் சாமி இல்லை, ஆனால் பசி உண்டு" என்று 50 மூட்டை சிமெண்ட் இறக்கிய பெரியவரை மறக்க முடியாது. தெற்கு வளவில் ஒரு ஆத்தா தன் வெள்ளாட்டுக் குட்டியை விற்று 4,000 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். வாங்க எங்கள் கை வரவில்லை. "வாங்கலைன்னா அடுத்த மார்கழிக்கு நான் இருப்பனோ என்னவோ" என்றார். வாங்கிக்கொண்டோம்.

இனி எழுதுவது சிலருக்குக் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கூட்டத்தில் எழுந்து நின்று பெயர் எழுதியவர்களில் 23 பேர் இன்னும் தரவில்லை. அந்தத் தொகை 74,000 ரூபாய். நோட்டில் கையெழுத்து இருக்கிறது. கைதட்டல் வாங்கியதும் ஊருக்கு நினைவிருக்கிறது. இன்னொன்று. கும்பாபிஷேகம் என்றபோது இரண்டே வாரத்தில் பணம் நிறைந்தது. சபைக்குப் புது மணிக்கூண்டு என்றபோதும், பள்ளிவாசலுக்குத் தரைக்கல் என்றபோதும் அப்படித்தான். மூன்றையும் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் இந்தக் கொட்டகைக்கு உள்ளே சாமி இல்லை, அதனால்தான் பணம் நடந்து வருகிறது. இங்கே கொடுத்தால் புண்ணியம் யார் கணக்கில் ஏறும் என்று ஒருவர் கேட்டே விட்டார். லூக்கா எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் குழந்தை இயேசுவுக்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை, மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டியில்தான் கிடத்தினார்கள். முதலில் சேதி போனது ராத்திரியில் ஆட்டுக்குக் காவல் இருந்தவர்களுக்கு. மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்று சொல்லி, பட்டியிலேயே பொங்கல் வைத்துப் பட்டி பெருக வேண்டுகிற நமக்கு, கட்டுத்தரை எவ்வளவு பெரிய இடம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த மதத்துக்காரரானாலும் சரி, இடம் இல்லை என்று சொன்ன சத்திரக்காரனாக நாம் இருக்க வேண்டாம்.

பெயர் எழுதிய 23 பேரும் கொடுத்துவிட்டால் குறைவது 2,48,500 ரூபாய். நம் ஊரில் 430 வீடு. வீட்டுக்கு 600 ரூபாய் என்றால் முடிந்துவிடும். கூலிக்குப் போகிற வீட்டில் 600 பெரிய தொகை என்பது எங்களுக்குத் தெரியும், அவர்கள் 50 கொடுத்தாலும் அதே ரசீதுதான். கல்யாண மேடைக்குப் பூ அலங்காரம் மட்டும் லட்சக்கணக்கில் செய்தவர்கள் 600-உடன் நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறோம்.

பந்திக்கு வேண்டிய 150 கிலோ அரிசியும் 45 கிலோ துவரம்பருப்பும் ஏற்கெனவே வந்துவிட்டன. தயவுசெய்து இனி யாரும் அரிசி கொடுக்க வேண்டாம், வைக்கவும் இடமில்லை. பணமாகவே கொடுங்கள்.

பொருளாளர் தினமும் மாலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை கொட்டகைத் திண்ணையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வங்கிக் கணக்கு விவரம் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் அதே பலகையில் வரும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் டிசம்பர் 14, ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாருங்கள். இடிந்த செங்கல்லில் நல்லதைப் பொறுக்கி அடுக்க வேண்டும், தரைக்கு மண் நிரப்ப வேண்டும். மண்வெட்டியும் பாண்டுச் சட்டியும் இருப்பவர்கள் கையோடு எடுத்து வரவும். பதினோரு மணிக்குக் கம்மங்கூழ் உண்டு.

இப்படிக்கு,
பொதுச் சமையல் கொட்டகைக் குழு
கார்த்திகை 20