ஊருக்குப் புறப்படுவோருக்கு இரண்டு மாத மாத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் கோயில் கொடைத் திருவிழாவுக்காகவும் பிள்ளைகளின் விடுமுறைக்காகவும் தாராவியிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் புறப்படுவது தாங்கள் அறிந்ததே. அந்தப் பயணத்தில் ரத்தக் கொதிப்பு மாத்திரை நின்றுபோவதைப் பற்றியே இக்கடிதம்.

எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், சென்ற ஆண்டு பத்து நாள் மாத்திரையோடு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் தங்கினார். மாத்திரை தீர்ந்த பிறகும் தலைசுற்றலோ மயக்கமோ இல்லாததால், கொதிப்பு அடங்கிவிட்டது என்றே நம்பியிருந்தார். மும்பை திரும்பிய இரண்டாம் வாரம் வலக்கை விழுந்து வாய் கோணிவிட்டது. இப்போது அவர் மகள்தான் மாவரைத்து விற்கிறாள். அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பதையும், மாத்திரை நோயை ஒழிப்பதில்லை, தொடர்ந்து சாப்பிடும்வரைதான் அழுத்தத்தை 140/90-க்குக் கீழே நிறுத்த உதவுகிறது என்பதையும் அவருக்குப் புரியும் மொழியில் யாரும் சொல்லவில்லை.

ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த மாத்திரையில் பெயர் முழுதாக இல்லாததால், "சின்ன வெள்ளை மாத்திரை" என்பதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. அம்லோடிபின் 5 மி.கி. என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், அங்கேயே கேட்டு வாங்கியிருப்பார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வரை மாத்திரை கொண்டு போகிறது. கொடைக்கு வந்து தங்கியிருப்பவரை அது எப்படி அறியும்?

2017-இல் தொடங்கப்பட்ட இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் முதலில் சேர்ந்த மாநிலங்களுள் மகாராஷ்டிரமும் ஒன்று. எளிய, ஒரே மாதிரியான சிகிச்சை முறை, குறைந்தது ஒரு மாத மாத்திரை, நோயாளியின் கையில் ஒரு பதிவு அட்டை ஆகியவை அதன் அடிப்படை. இவை எங்கள் பகுதியின் ஒவ்வொரு மருந்தகத்திலும் நடைமுறையில் இருக்க வேண்டும். அத்துடன், ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குச் செல்வதாகச் சொல்பவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு 60 நாள் மாத்திரையும், மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த அழுத்த அளவு ஆகியவற்றைத் தமிழிலும் எழுதிய அட்டையும் தர வேண்டும் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

அளக்கும் முறையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரிசையில் நின்று களைத்து வந்தவரை உட்காரவைத்த மறுநொடியே கையில் பட்டையைச் சுற்றினால் சரியான அளவு கிடைக்காது. ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் தேநீரோ, பல்லில் தேய்க்கும் புகையிலைத் தூளான மிஸ்ரியோ கூடாது.

தமிழ் அமைப்புகள் பங்குனி முடிவதற்குள் இக்கோரிக்கையை மாநகராட்சியிடம் கொண்டு சென்றால் பெரும் உதவியாக இருக்கும். இந்த ஆண்டு எங்கள் சந்திலிருந்து ஊருக்குப் புறப்படும் பதினொரு பேருக்கு, மருந்தாளுநரிடம் கேட்டு மாத்திரைப் பெயர்களை நானே எழுதிக் கொடுத்தேன். அவர்களில் எட்டுப் பேருக்குத் தாங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயர் அன்றுதான் தெரிந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தாராவி, மும்பை