மறதியை முதலில் காண்பவர் செவிலியர்

ஆசிரியருக்கு,

மறதி நோய் (டிமென்ஷியா) பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். இந்நோயைக் கண்டறிய நரம்பியல் நிபுணர்கள் போதாது என்று அதில் சொன்னது சரி. ஆனால் நோயைச் சந்தேகிக்க நிபுணர் எதற்கு? இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எங்கள் பகுதியில் இப்படி இருப்பவர்கள் அத்தனை பேரும் நிபுணரைத் தேடி மதுரைக்குப் போய் வரிசையில் நிற்க முடியாது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருப்பது செட்டிநாட்டில் சாதாரணம். எங்கள் தெரு ஆச்சி ஒருவர் போனில் பிள்ளைகளிடம் தெளிவாகத்தான் பேசுவார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியர்தான், போன மாத மாத்திரை அட்டை பிரிக்காமலே அரிசி டப்பாவில் கிடந்ததைக் கவனித்து விசாரித்தார்.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதில் முதியோருக்கு எளிய நினைவாற்றல் சோதனையையும் சேர்த்து, செவிலியர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனை செய்யலாம்; இந்தக் குறைகளால் வரும் மறதியைச் சீக்கிரம் கண்டால் பல நேரம் சரிசெய்ய முடியும். அப்புறம் தேவைப்படுவோரை மட்டும் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம்.

– ஒரு வாசகர், காரைக்குடி