செயலாளர் ஆண்டறிக்கை: 2024–25 பருவம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில் உள்ள நார்த் சென்ட்ரல் கல்லூரியின் கார்டினல்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கூடும் நம் தமிழ் ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதலில் அணி. 15 ஆட்டம், 15 வெற்றி. 2025 ஜனவரி 5 அன்று ஹூஸ்டனை அடுத்த ஹம்பிளில் நடந்த, மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான ஸ்டேக் பவுல் இறுதியில் மவுன்ட் யூனியனை 41–25 என வென்று, 2019, 2022 ஆண்டுகளை அடுத்து மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றது. கொரோனாவால் போட்டி நடக்காத 2020-ஐத் தள்ளிவிட்டால், 2019 முதல் ஒவ்வோர் இறுதியிலும் நம் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். விளையாட்டு உதவித்தொகை கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்க்க அனுமதியே இல்லாத மூன்றாம் பிரிவில் இது சாதாரணமல்ல. 2024-ல் ப்ளே ஆஃப் எனும் நாக்-அவுட் சுற்று 32 அணியிலிருந்து 40 அணியாக விரிந்தது. முன்னிலை அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு என்பதால் ஐந்து வெற்றியே போதுமாயிற்று. 2022 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் பிராட் ஸ்பென்சர் இதே கல்லூரியில் ரிசீவராக (எறியும் பந்தைப் பிடிப்பவராக) ஆடியவர்.

2023 இறுதியில் கோர்ட்லாண்டிடம் 38–37 எனத் தோற்றது குறித்த வாதம் இந்த ஆண்டும் ஓயவில்லை. பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்த கடைசி டச்டவுனுக்குப் பின், கிக் அடித்து ஒரு புள்ளியால் சமன் செய்யாமல், பந்தை மீண்டும் எல்லைக்குள் சேர்த்து இரண்டு புள்ளி பெற முயன்றது தவறா என்பதே கேள்வி. கல்லூரி விதிப்படி அந்த முயற்சி 3 யார்டு கோட்டிலிருந்து. தொழில்முறை ஆட்டத்தில் 2 யார்டு. ஒரு யார்டுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு யார்டு கூடுவதால், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் தானே முட்டி நுழைவது கடினமாகிறது; தற்காப்பணிக்கு ஊகிக்க வேண்டியவை குறைகின்றன. முடிவு சரி, தேர்ந்த ஆட்டம் வாய்க்கவில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.

இனி, கூட்டங்களில் பெரும்பொழுதைத் தின்ற விஷயம்: இவர்களில் யார் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். வரை போவார்? பேச்சு எப்போதும் குவாட்டர்பேக்கில் தொடங்கி அங்கேயே முடிகிறது. மூன்றாம் பிரிவின் உயரிய தனிநபர் விருதான கலியார்டி கோப்பையை நம் குவாட்டர்பேக்குகளான ப்ராக் ரட்டர் 2019-லும், லூக் லேனன் 2023-லும் வாங்கியதால் அந்த ஆசை இயல்புதான். ஆனால் விருதும் வாய்ப்பும் வேறு வேறு. ரட்டரை 2020-ல் சான் பிரான்சிஸ்கோ அணி சேர்த்துக்கொண்டது; அந்த ஆண்டு முன்பருவ ஆட்டங்கள் அத்தனையும் ரத்தானதால், தன்னைக் காட்டிக்கொள்ள அவருக்குக் களமே அமையவில்லை.

சிக்கலின் வேர் நம் அணியின் பலத்திலேயே இருக்கிறது. முன்வரிசை குவாட்டர்பேக்கை நெடுநேரம் காக்கிறது, ரிசீவர்கள் மூன்று நான்கு கஜம் விலகித் தனியே நிற்கிறார்கள். நெருக்கடியில், இருவருக்கு நடுவே பந்தைச் செருகும் எறிதல் ஆட்டப் பதிவில் அரிதாகவே கிடைக்கிறது. தேர்வாளர் தேடுவதோ அதைத்தான். எண்களும் ஏமாற்றும். பாதி ஆட்டத்திலேயே வெற்றி உறுதியானால் முதன்மை ஆட்டக்காரர்கள் வெளியே அமர்ந்துவிடுகிறார்கள். மொத்த யார்டு குறையும், ஒரு முயற்சிக்கான சராசரி வீங்கும். எனவே இனி வித்தியாசம் 21 புள்ளிக்குள் இருக்கும்போது நடந்த ஆட்டங்களை மட்டும் குறித்துவர வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

மூன்றாம் பிரிவிலிருந்து டிராஃப்டில் (என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில்) போனவர்களைப் பாருங்கள். ஹோபார்ட்டின் அலி மார்பெட், 2015, இரண்டாம் சுற்று, 61-ஆம் தேர்வு. செயின்ட் ஜான்ஸின் பென் பார்ச், 2020, நான்காம் சுற்று. ஒயிட்வாட்டரின் க்வின் மைனர்ஸ், 2021, மூன்றாம் சுற்று, 98-ஆம் தேர்வு. மூவரும் ஆஃபென்சிவ் லைன், அதாவது குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை. மூவரும் அலபாமாவின் மொபீலில், கல்லூரி ஆட்டம் முடிப்பவர்கள் தேர்வாளர் முன் ஆடும் சீனியர் பவுல் வாரத்தில் பெரிய கல்லூரிகளின் தற்காப்பு வரிசையோடு மோதிக் காட்டியவர்கள். "யாரோடு ஆடினான்?" என்ற கேள்விக்கு அந்தப் பயிற்சி நாட்களே பதில். மேலும் எடையை ஏற்றலாம். டைட் எண்டாக (எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவராக) இருந்த பார்ச், முட்டை, காட்டேஜ் சீஸ், க்ரிட்ஸ் எனும் சோளக் கஞ்சி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், கேட்டரேட் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் குடித்து லைன்மேன் ஆனார். (செய்து பார்க்க முன்வந்த உறுப்பினர் எவருமில்லை.) கை நீளத்தை மட்டும் ஏற்ற முடியாது.

ரிசீவருக்கும் வழி உண்டு: மவுன்ட் யூனியனின் பியேர் கார்சோன் 2008-ல் ஆறாம் சுற்றில் போய், 2013-ல் 113 பந்துகளைப் பிடித்து என்.எஃப்.எல்.லிலேயே முதலிடம் பெற்றார்.

ஆகவே வரும் பருவத்தில் உறுப்பினர்கள் பந்தைவிட்டு முன்வரிசையைப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இலவச ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னே ஓடும். பின்காவலர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள், லைன்மேன்கள் மட்டும் முழுதாகத் தெரிவார்கள். பந்து நம்மிடம் இருக்கும் ஒரு தொடர் முழுதும் ஒருவரையே கவனியுங்கள். முதல் அடி எந்தத் திசை, கை எதிராளியின் மார்பில் விழுகிறதா தோளுக்கு வெளியே போகிறதா, நான்காம் கால்பகுதியிலும் முழங்கால் வளைகிறதா என்று எழுதுங்கள். 40 யார்டு ஓட்ட நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்தால் மின்னணு அளவைவிடச் சுமார் 0.2 நொடி குறைவாகத்தான் காட்டும்; அதை வைத்துச் சண்டை வேண்டாம். நேப்பர்வில் சிகாகோ வட்டாரத்தில் இருப்பது நம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வசதி. என்.எஃப்.எல். அணிகள் தம் வட்டாரத்தில் வளர்ந்த அல்லது படித்த ஆட்டக்காரரை அழைத்துச் சோதிக்கத் தனி நாள் ஒதுக்குகின்றன.

நடைமுறைக் குறிப்புகள் சில. கல்லூரியின் பருவச் சீட்டு ப்ளே ஆஃப் ஆட்டங்களுக்குச் செல்லாது. தனியே வாங்க வேண்டும். அந்த ஆட்டங்களில் ஊதல், ஏர் ஹார்ன் போன்ற ஓசைக் கருவிகளைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதிப்பதில்லை. பறை கொண்டுவரலாமா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். டிசம்பரில் அலுமினியப் பெஞ்சில் உட்கார மெத்தையும், காலடியில் போட ஓர் அட்டைத் துண்டும் கொண்டுவாருங்கள். குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும்.

லேனனின் கல்லூரி ஆட்டம் முடிந்துவிட்டதால் 2025-ல் புதிய குவாட்டர்பேக். முதல் மூன்று ஆட்டங்களுக்கான கவனிப்புத் தாள்களை ஆகஸ்டு இறுதிக்குள் உறுப்பினர்களுக்கு அனுப்புகிறேன். நிரப்பிய தாள்கள் ஆட்டம் முடிந்த புதன்கிழமைக்குள் கைக்கு வர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்