கருங்கடல் துறைமுகமான காஃபாவில் இருக்கும் மகனுக்கு

ஜெனோவா, ஜூலை 1344

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் நலம். போன செப்டம்பருக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. காஃபாவிலிருந்து வந்திறங்குகிறவர்களைத் துறைமுகத்தில் மறித்துக் கேட்கிறேன். "நன்றாக இருக்கிறான்" என்கிறார்கள். என்ன வியாபாரம் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

தானா பட்டணத்துப் பக்கம் போகாதே. அங்கே வெனிசுக்காரன் சிவ்ரான் தாத்தாரியன் ஹாஜி ஒமாரைக் கொன்றுபோட்டான், அடி விழுந்தது நம் எல்லார் மேலும். அந்த நாட்டை ஆளும் ஜானிபெக் கான் பொறுக்கிறவன் இல்லை. கூடப்பிறந்த தினிபெக்கையே தீர்த்துவிட்டு அரியணை ஏறியவன். அவன் அப்பா உஸ்பெக் காலத்தில் தானாவிலிருந்து சீன தேசமான கத்தாய் வரை இரவோ பகலோ பயமில்லாமல் போகலாம் என்பார்கள். அது அந்தக் காலம். இப்போது வெனிசும் நாமும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம், கான் நாட்டில் யாரும் வியாபாரம் செய்யக்கூடாதென்று. எத்தனை நாளைக்கோ!

தாடியை மழிக்காதே. கூலி அதிகமானாலும் நல்ல துபாஷியை வைத்துக்கொள். உனக்கே அந்தப் பக்கத்துக் குமான் பாஷை அத்துபடி என்று சொன்னார்கள். நான் கடைசிவரை விரலைக் காட்டித்தான் பேரம் பேசினேன். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை பாஷை தெரிந்தவனுக்கு வீட்டுக்கு நாலு வரி எழுதத் தெரியவில்லை. தனியாகப் பயணம் போகாதே. வழியில் செத்தால், கூடப்பிறந்தவன் பக்கத்தில் இல்லையென்றால் சரக்கு அந்த ஊர் அதிகாரிக்குப் போய்விடும். (அம்மாவுக்கு வாசிக்கும்போது இந்த வரியை விட்டுவிடுவேன்.) தானாவுக்கு மட்டும் போகாதே.

கடைசிக் கடிதத்தில் "புதுச் சரக்கு, நல்ல லாபம்" என்று எழுதியிருந்தாய். பட்டு என்றால் பட்டு என்று எழுதுவாய். மெழுகு, தோல், மீன் எதுவானாலும் பெயரும் எடையும் எழுதுகிற பிள்ளை நீ.

1307-இல் அப்போது ஆண்ட டோக்தா கான் தன் தலைநகர் சராயில் நம்மவர்களைப் பிடித்து அடைத்ததையும், மறு வருஷம் மே மாதம் காஃபாவுக்கு நாமே தீ வைத்துவிட்டுக் கப்பலேறியதையும் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கானுக்குப் பேராசை என்றுதான் சொன்னேன். அது முழுக் கதை இல்லை. அவன் குடிகளான தாத்தாரியர் பிள்ளைகளை நாம் வாங்கி எகிப்துக்கு விற்றுக்கொண்டிருந்தோம். அதில் அவனுக்கு ஆத்திரம்.

நானும் ஒருவனை வாங்கினேன். ஏழு வயது இருக்கும். மணிக்கட்டில் சிவப்புக் கம்பளி நூல், அவன் அம்மா கட்டியது போல. அழுக்காக இருந்தது, விலை குறையும் என்று நானே கத்தியால் அறுத்தேன். அவன் கையை இழுக்கவில்லை. நூல் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பணத்தில்தான் நீ பிறந்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சரி. பொட்டலத்தில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கிறது, அம்மா வைத்தாள். பதில் இதே கப்பலில் வரட்டும். சரக்கின் பெயரை எழுது.